நான்காம் கூறு

நோயுற்றவரை நேரில் சென்று கண்டு வரும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் குன்றாமல் இருந்து வருகிறது. ஆப்பிள் பழங்களையோ ஆர்லிக்ஸ் புட்டியையோ கையில் எடுத்துக்கொண்டு செல்கிறோம். கட்டிலருகே போடப்பட்ட நாற்காலியில் அமர்ந்து, 'இப்போது எப்படி இருக்கிறது?' என்று படுத்திருப்பவரை வினவுகிறோம். அதற்குள் உள்ளிருந்து ஒருவர் காப்பி கொண்டுவந்து நீட்டுகிறார். அதைப் பருகி, நான்கு வார்த்தை தைரியம் சொல்லி, விடைபெற்று வருகிறோம். காப்பி கொண்டுவந்தவர் முந்தைய இரவு உறங்கினாரா என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றுவதுமில்லை.

நம் சொந்த இல்லத்திலேயே மூன்று திங்கள் அவ்வாறு கேளாதிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

நாம் மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகப் பணியாற்றி வருகிறோம். நம் பாட்டனார் பிழைப்பை நாடி வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து பெங்களூர்த் தண்டுப் பகுதிக்கு வந்தவர். அன்று தொட்டு, அல்சூர் ஏரிக்கும் இந்திரா நகருக்கும் இடைப்பட்ட ஜோகுபாளையமே நம் குடும்பத்துக்கு ஊராயிற்று. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. இவ்வளவே நம் இல்லம். பாட்டனார் ஊரில் ஒருவர் பாயில் விழுந்தால் அவரைத் தூக்கவும் துடைக்கவும் பெரியம்மா, சின்னம்மா, அத்தை, நாத்தனார் என்று பத்துக் கைகள் முறைவைத்து வரும் என்று நம் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறோம். குடிபெயர்ந்து வந்த நமக்கு மொழியும் கோயிலும் பண்டிகையும் கூடவே வந்தன. அந்தப் பத்துக் கைகள் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டன. இதனை நோய் வந்த பிறகே உணர்ந்தோம்.

2018ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் நம் தாயாருக்கு உணவு விழுங்குவது கடினமாயிற்று. முதலில் இட்டிலி தொண்டையில் நின்றது. பிறகு கஞ்சியும் நின்றது. உணவுக்குழாயில் புற்றுநோய் என்றும், அது ஈரலுக்கும் பரவிவிட்டது என்றும் ஆய்வுகள் தெரிவித்தன. மூக்கின் வழியே குழாய் செருகி அதன் மூலம் நீராகாரம் செலுத்தக் கற்பித்த பின், பெரிய மருத்துவமனை ஒன்றில் நம்மிடம் கூறப்பட்ட சொற்கள் இவை: 'இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்.' அவ்வாறே அழைத்து வந்தோம். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட அந்த நாளிலிருந்துதான் நம் துணைவியாருக்குச் செய்து முடியாத வேலைகள் தொடங்கின.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுவார். காவேரிக் குழாயில் நீர் வரும் நாளாயின் முதலில் குடங்களை நிரப்புவார். இரண்டு மணிக்கு ஒருமுறை கஞ்சியையோ பாலையோ வடிகட்டிக் குழாயில் ஊற்றுவார். படுக்கைப்புண் வாராதிருக்கத் தாயாரைப் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பார். மலசலம் துடைப்பார், துணி அலசுவார். இடையே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவார். நமக்கு டிபன் பெட்டியும் கட்டுவார். இரவில் தாயார் வலியால் முனகும்போதெல்லாம் எழுந்து முதுகைத் தடவிக்கொண்டு அமர்ந்திருப்பார். நாம் காலை எட்டரைக்குப் புறப்பட்டு இரவு ஏழுக்குத் திரும்புவோம். 'அம்மாவுக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்போம். 'அப்படியேதான்' என்பார். அத்துடன் நம் கடமை முடிந்ததாக எண்ணியிருந்தோம்.

விடுப்பு எடுக்கவில்லையா என்று வாசகர் கேட்கக்கூடும். விதிகளைப் படித்துப் பழகிய நாம் அதனை மறைத்தற்கில்லை. மத்திய அரசின் 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளின்படி ஆண்டுக்கு ஈட்டிய விடுப்பு 30 நாள். அரைச்சம்பள விடுப்பு 20 நாள். இவற்றோடு தற்செயல் விடுப்பு 8 நாள் தனியே உண்டு. குழந்தைகளைப் பேணுவதற்கென மகளிர் ஊழியருக்குப் பணிக்காலம் முழுவதிலும் 730 நாள் விடுப்பு அளிக்கப்படுகிறது. முதிய பெற்றோரைப் பேணுவதற்கெனத் தனித் தலைப்பு ஏதும் இல்லை. ஏனைய விடுப்புகளிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓய்வு பெறும்போது 300 நாள் வரை ஈட்டிய விடுப்பைப் பணமாகப் பெறலாம். அதனைக் கருதி நாம் 200 நாளுக்கு மேல் சேர்த்து வைத்திருந்தோம். மகளின் திருமணச் செலவுக்கு உதவும் என்பது நம் கணக்கு. அக்கணக்கில் துணைவியாரின் உறக்கத்துக்கு ஒரு வரியும் ஒதுக்கப்படவில்லை.

ஐப்பசி மாத அளவில், அலுவலக நண்பர் ஒருவர் இல்லம் தேடி வந்து பணிபுரியும் மருத்துவக் குழுவொன்றைப் பற்றிக் கூறினார். ஆங்கிலத்தில் 'பாலியேட்டிவ் கேர்' என்றும் தமிழில் ஆதரவு சிகிச்சை என்றும் வழங்கப்படுவது அதுவே. ஒரு பிற்பகலில் மருத்துவர் ஒருவரும் மலையாள நாட்டுச் செவிலியர் ஒருவரும் வந்தனர். நாம் அரைநாள் தற்செயல் விடுப்பில் இருந்தோம். மருத்துவர் தாயாரின் வலி எவ்வளவு என்பதை, ஒன்றுமில்லாததற்குச் சுழியம், தாங்கவே முடியாததற்குப் பத்து என்ற அளவில் கேட்டறிந்தார். தாயார் எட்டு விரல்களைக் காட்டினார். அச்செவிலியர் குழாயைச் சரிபார்த்தார். வாயைத் துடைத்து ஈரப்படுத்தினார். புண் உண்டா என்று முதுகை நோக்கினார். எல்லாம் முடிந்தபின், காப்பியுடன் நின்றிருந்த நம் துணைவியாரை நோக்கி, "அக்கா, நீங்க ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?" என்று கேட்டார்.

துணைவியார் விடை கூறவில்லை. காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குள் சென்றார். குழாயைத் திறந்துவிடும் ஒலி கேட்டது. தாம் அழுவது வெளியே கேளாதிருக்கத் திறந்துவிட்டார் என்பதைப் புரிந்துகொள்ள நமக்குச் சிறிது நேரம் பிடித்தது. செவிலியருக்குப் பிடிக்கவில்லை, அவர் உடனே எழுந்து உள்ளே சென்றார். பின்னர் துணைவியாரின் இரத்த அழுத்தத்தை அளந்தபோது மேல் அளவு 170 இருந்தது. திருமணமாகிப் பதினெட்டு ஆண்டுகளில் தலைவலி என்றுகூடப் படுக்காதவர் அவர். நோயாளர் ஒருவர் இருப்பதாக நாம் எண்ணியிருந்த இல்லத்தில் இருவர் இருந்தனர்.

அன்று முதல் நாம் இத்துறையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினோம். 'பாலியம்' என்ற இலத்தீன் சொல்லுக்கு மேலே போர்த்தும் ஆடை என்பது பொருளாம். நோயை நீக்க இயலாதபோதும் நோயுற்றவரின் துன்பத்தைப் போர்த்திக் காப்பது இம்மருத்துவம். செவிலியராகவும் மருத்துவ சமூகப் பணியாளராகவும் இருந்து, பின்னர் மருத்துவம் பயின்ற சிசிலி சாண்டர்ஸ் என்னும் அம்மையார் 1967ஆம் ஆண்டு இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். வலி என்பது உடலை மட்டும் பற்றியதன்று. உள்ளத்தையும் உறவுகளையும் ஆன்மாவையும் சேர்த்தே பற்றுவது என்பது அவர் கொள்கை. இந்தியாவில் இத்தகைய முதல் இல்லம் 1986ஆம் ஆண்டு மும்பையில் சாந்தி அவேத்னா சதன் என்ற பெயரால் எழுந்தது. உலக சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டில் இம்மருத்துவத்துக்கு வகுத்த இலக்கணம், நோயாளரோடு அவர்தம் குடும்பத்தாரின் வாழ்வையும் சேர்த்தே குறிக்கிறது. ஆகவே நம் செவிலியர் கேட்ட கேள்வி அவருடைய தனிப்பட்ட கனிவினால் மட்டும் பிறந்ததன்று. அவர் கற்ற மருத்துவத்தின் உறுப்பே அது.

ஆதரவு சிகிச்சை என்றால் கடைசி நாளுக்குரியது என்ற எண்ணமும் நம்மிடையே உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நுரையீரல் புற்றுநோய் முற்றிப் பரவிய 151 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2010ஆம் ஆண்டு வெளிவந்தது. நோய் கண்டறியப்பட்ட உடனேயே வழக்கமான சிகிச்சையுடன் ஆதரவு சிகிச்சையும் பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. வாழ்க்கைத் தரம் உயர்ந்திருந்தது. அவர்களது வாழ்நாளின் இடைநிலை அளவு 11.6 திங்களாகவும், ஏனையோரது 8.9 திங்களாகவும் இருந்தன. நாமோ மூன்று திங்கள் பிந்தியே கதவைத் திறந்தோம்.

அடுத்து மார்பின் மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாத்திரையைப் பொடித்து நீரில் கரைத்து, நான்கு மணிக்கு ஒருமுறை குழாயில் செலுத்தும்படி மருத்துவர் எழுதித் தந்தார். நடு இரவில் எழ வேண்டாதபடி படுக்கும் வேளைக்கு அளவைக் கூட்டித் தந்தார். மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் உடன் சேர்த்தார். ஊரிலிருந்து வந்திருந்த நம் தாய்மாமன் இதனையறிந்து பெரிதும் சினந்தார். "அபினியைக் கொடுத்து எங்க அக்காவைக் கொல்லப் பார்க்கிறீங்களா?" என்றார். அவர் அச்சத்தைக் குறை கூற இயலாது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டம் கொணர்ந்த கெடுபிடிகளால் மருத்துவமனைகளே இம்மருந்தை வாங்கி வைக்க அஞ்சிய காலம் நெடிது. மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் அரசு உரிமத்துடன் அபினிச் செடி பயிராகும் நம் நாட்டில், அதிலிருந்து எடுக்கும் வலி மருந்து நம் நோயாளருக்கே எட்டாதிருந்தது. 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தால் விதிகள் நாடு முழுதும் ஒருமுகப்பட்டு எளிதாயின. வலியின் அளவறிந்து சிறிது சிறிதாகக் கூட்டித் தரப்படும் மார்பின் சாவை விரைவுபடுத்துவதில்லை என்று மருத்துவர் பொறுமையாக எடுத்துரைத்தார். மாமன் அரைமனத்துடன் இசைந்தார்.

மூன்றாம் நாள் இரவு நம் இல்லத்தில் முனகல் கேட்கவில்லை. தாயார் உறங்கினார். அவர் உறங்கியதால் துணைவியாரும் உறங்கினார். நாம் இருவரையும் பார்த்தவாறு நெடுநேரம் விழித்திருந்தோம். ஒருவர் வலிக்குக் கொடுத்த மருந்து இன்னொருவருக்கும் வேலை செய்ததை அன்று கண்டோம். மாமனும் விடியலில் எழுந்து, அக்காள் மூச்சு சீராக வருவதை அருகில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பால் வாங்கி வரச் சென்றார்.

படிவங்களோடு இருபதாண்டுகள் வாழ்ந்த நமக்கு, பராமரிப்பவரின் சுமையை அளப்பதற்கும் ஒரு படிவம் உண்டு என்பது வியப்பளித்தது. ஸ்டீவன் சாரிட் என்னும் அமெரிக்க அறிஞர் தம் உடனாய்வாளருடன் 1980ஆம் ஆண்டில் உருவாக்கியது அது. இன்று பெரிதும் வழங்கும் வடிவில் 22 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் நான்கு வரை மதிப்பெண், மொத்தம் 88. உமக்கென்று நேரம் இருக்கிறதா, உடல்நலம் கெட்டதா என்பன போன்ற வினாக்கள். ஓரிரவு அவற்றைத் தமிழில் சொல்லித் துணைவியாரிடம் கேட்டோம். ஒவ்வொன்றுக்கும் 'இல்லை, இல்லை' என்றே கூறிவந்தார். மொத்தத்தில் இது உனக்குச் சுமையாக இருக்கிறதா என்ற வினாவுக்கு வந்தபோது, "அத்தையைப் போய்ச் சுமைன்னு சொன்னா பாவமில்லையா?" என்று திருப்பிக் கேட்டார். நாம் எழுதுகோலை மூடிவிட்டோம்.

அன்பும் களைப்பும் ஓருடலில் உடன் வாழக்கூடியவை. அன்புடையார் களைப்படையமாட்டார் என்று நம் குடும்பங்கள் நெடுங்காலமாக நம்பி வந்துள்ளன. அந்நம்பிக்கை வாய்திறக்க முடியாத சிறையாக மருமகள்மாரையும் மனைவிமாரையும் அடைத்துவிடுகிறது. இஃது உயிரையே தொடும் செய்தி. 1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, வாழ்க்கைத் துணையைப் பேணிவந்த முதியோரை நான்காண்டுகள் கவனித்தது. பேணும் பணியால் மனவழுத்தத்துக்கு ஆளானவர்கள் அந்நான்காண்டுகளுள் இறக்கும் வாய்ப்பு, அப்பணி இல்லாதவர்களைக் காட்டிலும் 63 விழுக்காடு மிகுந்திருந்தது. மனவழுத்தம் இன்றிப் பேணியவர்களிடம் அத்தகைய மிகுதி காணப்படவில்லை. ஆகவே கேடு பேணுவதில் இல்லை. தனியே பேணுவதிலும் ஓய்வின்றிப் பேணுவதிலும் இருக்கிறது என்று நாம் கொள்கிறோம்.

இவ்வுண்மை நம்மவர்க்குப் புதியதன்று. திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணிசெய்பவர் என்பன அவை. அருகிருப்பவரை மருத்துவத்துக்கு வெளியே நிற்கும் ஏவலாளராகக் கருதாமல், மருத்துவத்தின் நான்கில் ஒரு கூறாகவே அவர் வைத்தார். இளங்கலை வகுப்பில் இக்குறளை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றவர் நாம். அல்சூர் ஏரிக்கரையில் 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையைக் கடந்து போகும் போதெல்லாம் தலைதாழ்த்தி வணங்கியவரும் நாமே. அந்நான்காம் கூறு நம் சமையலறையில் நின்றிருந்ததை மட்டும் கண்டோமில்லை.

செவிலியர் கேட்ட மறுநாளே 30 நாள் ஈட்டிய விடுப்புக்கு விண்ணப்பித்தோம். இரவு பத்து மணி மருந்தும் கடைசி ஆகாரமும் நம் பொறுப்பாயின. குழாய் நுனியைச் சோதிக்கவும், இருவராகச் சேர்ந்து போர்வையால் தூக்கிப் பக்கம் திருப்பவும் செவிலியர் நமக்குக் கற்பித்தார். நள்ளிரவில் ஆகாரம் தேவையில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குத் தந்தால் போதும் என்றார். இச்சிறு மாற்றமே துணைவியாருக்கு ஆறு மணிநேர உறக்கத்தை ஈட்டித் தந்தது.

விடுப்பு முடிந்தபின் செய்வது யாது என்று கவலையுற்றபோது, கேரளத்தைப் பற்றிச் செவிலியர் கூறியது நினைவுக்கு வந்தது. 1993ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் மருத்துவர் எம். ஆர். இராஜகோபால், மருத்துவர் சுரேஷ் குமார் ஆகியோர் முயற்சியால் வலி தணிப்புச் சங்கம் தோன்றியது. பின்னர் அங்கே அண்டை வீட்டார் கூடிச் சிறிது பயிற்சி பெற்று, தம் பகுதி நோயாளரின் இல்லங்களுக்கு முறைவைத்துச் செல்லும் முறை ஊர்தோறும் பரவிற்று. 2008ஆம் ஆண்டில் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையையே வகுத்தது. ஊரார் செய்யக்கூடியதை ஒரு தெருவினர் செய்யலாகாதா என்று எண்ணினோம். வெட்கத்தை விட்டு எதிர்வீட்டு மூதாட்டியாரிடமும் பின்தெருக் கன்னட அம்மையாரிடமும் கேட்டோம். 'இதை முதலிலேயே கேட்டிருக்கக் கூடாதா?' என்றனர் இருவரும். செவ்வாயும் வெள்ளியும் பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை ஒருவர் மாறி ஒருவர் வந்து தாயாரின் அருகே அமர்ந்தனர். கன்னட அம்மையாரின் பேச்சில் தாயாருக்குப் பாதியே விளங்கும். ஆயினும் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். அந்நான்கு மணிநேரமும் துணைவியார் பெரும்பாலும் உறங்குவார். ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அல்சூர் சோமேசுவரர் கோயிலுக்குத் தனியே நடந்து சென்று வந்தார். அன்று அவர் முகத்தில் கண்ட தெளிவை நாம் பல திங்களாகக் கண்டதில்லை.

2019ஆம் ஆண்டு மாசி மாதத்தில் தாயார் காலமானார். அதற்கு முந்தைய இரவு, அருகில் அமர்ந்திருந்த மருமகளின் கையைத் தொட்டு, மெல்லிய குரலில், "போய்ப் படு கண்ணு. எனக்கு வலி இல்லே. நீ தூங்கினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றார். எத்தனையோ இரவுகளாக மருமகள் விழித்திருப்பதைப் பார்த்துக்கொண்டே அவர் படுத்திருந்தார் என்பது அப்போது விளங்கியது. எட்டு விரல்களைக் காட்டிய வலிக்குள் அதுவும் கலந்திருந்தது போலும். விடியற்காலை ஐந்து மணி ஆகாரத்துக்கு எழுந்தபோது மூச்சு அடங்கியிருந்தது. முகம் சுருங்கியிருக்கவில்லை.

நம்மைப் போல் பிந்தாதிருக்கும் பொருட்டு, அன்பர்களுக்குச் சில செய்திகளைக் கூறி அமைகிறோம். இந்நகரில் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் கர்நாடகக் கிளையும் இந்திரா நகர் ரோட்டரி சங்கமும் இணைந்து 1994ஆம் ஆண்டில் நிறுவிய அறக்கட்டளை, மாரத்தஹள்ளிக்கு அருகே கருணாஷ்ரயா என்னும் இல்லத்தை 1999 முதல் நடத்தி வருகிறது. முற்றிய புற்றுநோயாளரை அங்குக் கட்டணமின்றிப் பேணுகின்றனர். இல்லங்களுக்கும் சென்று பணிபுரிகின்றனர். ஓசூருக்கு அப்பால் உறவினர் உடையோர்க்குத் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் உண்டு. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில் இல்லம் வந்து தரும் ஆதரவு சிகிச்சையும் ஒரு பகுதி. ஆயினும் உலகில் இச்சிகிச்சை தேவைப்படுவோருள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரே அதனைப் பெறுகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஏனையோர்க்கு இல்லத்தில் இருக்கும் ஒருவரே எல்லாமாக இருந்தாக வேண்டும்.

நம் துணைவியார் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையை இன்றும் உட்கொண்டு வருகிறார். அது நாம் கேளாதிருந்த மூன்று திங்களின் மிச்சம். வியாழன்தோறும் பிற்பகலில் அவர் அடுத்த தெருவிலுள்ள இல்லமொன்றுக்குச் சென்று வருகிறார். அங்கே பக்கவாதத்தால் படுத்திருக்கும் முதியவர் ஒருவரை அவர் மனைவியார் தனியே பேணி வருகிறார். நம் துணைவியார் பழம் எதுவும் வாங்கிச் செல்வதில்லை. சென்றவுடன் அவ்வம்மையாரிடம், "நீங்க போய்ப் படுங்கம்மா, நான் இருக்கேன்" என்கிறாராம். இரண்டு மணிநேரம் கழித்துத் தாமே காப்பி கலந்து, அவரை எழுப்பிக் கொடுத்துவிட்டு வருகிறார்.